பேர் மாத்தின ஃபைல்

"அக்கா போன்ல சொன்னப்போ நான் நம்பல மாமா. இப்ப கண்ணாலேயே பார்த்துட்டேன்!"

தம்பிக்காரன் சண்டை போடுவதற்கென்றே கிளம்பி வந்திருந்தான். பால்கனிக் கம்பியில் புறாவை விரட்ட வரிசையாகக் கட்டியிருந்த சிடிகளைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் ஏறிக்கொண்டது. அத்தனையும் வீணாய்ப்போன சிடிகள். அத்தனையும் அக்கா வீட்டுக்காரரின் கைங்கரியம்.

"அவ நாள் பூரா ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல நின்னுட்டு வந்து சமையலையும் பார்க்கறா. நீங்க என்னடான்னா வேலை விட்டு வந்ததும் கேம் சிடி அடிக்கறேன்னு கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழறீங்க. இந்த வயசுல விளையாட்டு கேக்குதா?"

அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில் மாட்டிக்கொண்ட லிஃப்டைப் பதற்றமே இல்லாமல் இறக்கிவிடுவார். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் மனுஷனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

"திட்டறதை அப்புறம் வச்சுக்கலாம் மாப்ள. சிடி எழுதுது. ஆனா டிவியில மாட்டற கேம் கன்சோல்ல போட்டா எடுக்க மாட்டேங்குது. ஒரே ஒரு காலி சிடிதான் மிச்சம். கடையில கேட்டா, 'அண்ணே, இன்னுமா சிடி?'ன்னு சிரிக்கறான். உங்கக்கா டியூஷன்லேருந்து பாப்பாவைக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள இது ஓடியாகணும்."

"ஓடலைன்னா என்ன குடியா முழுகிடும்?"

"ஓடணும்டா" என்றார். குரல் கெஞ்சியது.

தம்பிக்காரனுக்கு ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்க்கிற வேலை. ஓடாத மெஷினைக் கண்டால் கை சும்மா இருக்காது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"எப்படி எழுதினீங்க?"

"இந்தப் பெரிய ஃபைலைப் பிடிச்சு இழுத்து சிடியில போட்டேன். பாட்டு போடற மாதிரி."

தலையில் கை வைத்துக்கொண்டான். "இது சிடி இமேஜ் மாமா, மொத்த சிடியையும் ஒரே ஃபைலா கட்டி வச்சது. பார்சலைப் பிரிக்காம அப்படியே அலமாரியில வச்சா ஆச்சா? சாஃப்ட்வேர்தான் பிரிச்சு எழுதணும். இதுகூட ஒரு குட்டி ஃபைல் இருக்குமே, எதை எந்த இடத்துல எழுதணும்னு சொல்றது?"

"இருந்துச்சு. அதை அமுக்கினா 'ஃபைல் காணோம்'னு எர்ரர் வருது. கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கி வச்சுட்டேன்."

குட்டி ஃபைலைத் திறந்து பார்த்தான். எந்தப் பெரிய ஃபைலை எடுக்க வேண்டும் என்று முதல் வரியிலேயே இருந்தது. 'வேஸ்ட்' என்ற பெயரில் ஒரு ஃபைலை அது தேடிக்கொண்டிருந்தது. இங்கே இருந்த ஃபைலின் பெயரோ 'நம்பர் ஒன்'.

"பேரை மாத்தினீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"அந்தப் பேரு எனக்குப் பிடிக்கல."

"பிடிக்கலையா? பொறந்த குழந்தைக்கா பேர் வைக்கறீங்க? நீங்க பேரை மாத்திட்டா அது எப்படித் தேடிக் கண்டுபிடிக்கும்? பழைய பேரையே போட்டுடறேன். ஒரு நொடி வேலை."

மவுஸைத் தொட்ட அவன் கையை மெக்கானிக் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பேரு மட்டும் வேணாம். வேற வழி இருந்தா பாரு. இல்லைன்னா விட்டுடு."

வந்ததே கோபம் தம்பிக்காரனுக்கு! ஒரு பொம்மை விளையாட்டுக்கு இவ்வளவு வீம்பா? இப்படி ஒரு ஆளிடம் அக்கா எப்படித்தான் காலம் தள்ளுகிறாளோ என்று நினைத்தான். ஆனாலும் குட்டி ஃபைலில் இருந்த 'வேஸ்ட்'டை அழித்து 'நம்பர் ஒன்' என்று மாற்றினான். சாஃப்ட்வேரில் ஏற்றினான். இருப்பதிலேயே குறைந்த வேகத்தை வைத்து, கடைசி சிடியைச் செருகினான்.

"காலை ஆட்டாதடா, மேஜை அதிருது."

"மேஜை அதிர்ந்தா ஒண்ணும் ஆகாது மாமா."

"எதுக்கும் ஆட்டாத."

எழுதி முடிந்தது. சிடியைக் கன்சோலில் போட்டார்கள். உள்ளே கரகரவென்றது. டிவி கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது.

சட்டென்று பாட்டு கேட்டது. குடை பிடித்த ஒரு ஆமை மொட்டைமாடி விட்டு மொட்டைமாடி தாவியது.

"ஓடுதுடா மாப்ள!" மெக்கானிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"ஆமை குதிக்கறதைப் பார்க்கவா இத்தனை கூத்து?" என்றான் தம்பிக்காரன். அவனுக்கு உண்மையிலேயே அசிங்கமாக இருந்தது.

வாசல் மணி அடித்தது. பாப்பா புத்தகப் பையை மூலையில் எறிந்துவிட்டு ஓடி வந்து கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள். ஆமை குடையை விரித்து மிதக்க ஆரம்பித்ததும் கூச்சல் போட்டாள். பின்னாலேயே வந்த அக்கா டிவியைப் பார்த்தாள். உள்ளே எடுத்து வைத்த காலை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"அம்மா, கிட்ட வராத, வயரை மிதிச்சுடுவே. இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றாள் பாப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல். "அப்பா, செமயா இருக்குப்பா! யாருப்பா இதைப் பண்ணினது?"

மெக்கானிக் எழுந்து நின்றார். சுருங்கியிருந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"காலேஜ்ல படிக்கும்போது தன்னந்தனியா உட்கார்ந்து பண்ணிட்டு, இது எதுக்கும் உதவாதுன்னு தானே முடிவு கட்டிப் பரண்ல போட்டுட்டு, இப்ப உள்ள வரக்கூடத் தயங்கிக்கிட்டு நிக்கறாளே உங்கம்மா... அவதான்!"