மூன்று நாள் குறைவு

எலிசியோ இறந்த தேதியை அந்தப் பெண் இரண்டு முறை படித்தாள்.

பிறகு என் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து என் பிறந்த தேதியைப் பார்த்தாள். மறுபடியும் இறப்புச் சான்றிதழுக்குப் போனாள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

அதுவரை வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்தவர் என் கணவர் எலிசியோ. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற வருடம்தான் எங்களால் அந்த இரண்டு அறை வீட்டை வாங்க முடிந்தது. டெக்சஸில் அறுபத்தைந்து தாண்டியவர் சொந்த வீட்டில் குடியிருந்தால், வீட்டின் மேல் விதிக்கும் பள்ளி வரி முதல் வருடத் தொகையிலேயே நின்றுவிடும். அதற்குப் பிறகு விலை எவ்வளவு ஏறினாலும் அவரைத் தொடாது.

ஊருக்குத் தொழிற்சாலை வந்தது. விலை ஏறியது. பக்கத்து வீட்டு ரொஹேலியோ ஒவ்வொரு வருடமும் தன் வரிச்சீட்டை வேலிக்கு மேல் ஆட்டிக்காட்டித் திட்டுவார். எலிசியோ பெக்கான் கொட்டை உடைத்தபடி, "உனக்கெல்லாம் எப்பப்பா வயசாகப் போவுது?" என்பார்.

அவர் போன பிறகு வந்த சீட்டில் வரி ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தது.

பள்ளிச் சமையலறையில் எனக்கு வரும் சம்பளத்தில் அதைக் கட்ட முடியாது. அடுத்த கோடைக்குள் வீட்டை விற்க வேண்டியிருக்கும். வாங்குகிறேன் என்று ஒருவன் வந்து கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டும் போயிருந்தான்.

தப்பிக்க ஒரு வழிதான். கணவர் இறந்த அன்று மனைவிக்கு ஐம்பத்தைந்து வயது ஆகியிருந்தால், பழைய வரியே அவளுக்கும் தொடரும்.

கேட்டுப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று ரொஹேலியோதான் பிடிவாதமாக இந்த வரி அலுவலகத்துக்கு அழைத்து வந்தார். வெளியே வண்டியில் காத்திருந்தார்.

அந்தப் பெண்ணின் பேனா முனை தேதியின் மேல் நின்றது. என் பின்னால் வரிசையில் யாரோ செருமினார்கள். அவள் கண்ணாடிக்கு அருகே குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"மூணே நாள்தாம்மா. ஆஸ்பத்திரியில சில நேரம் தேதியத் தப்பா எழுதிடறாங்க. அப்படி ஏதாவது இருந்தா திருத்தி வாங்கிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் தலையாட்டியிருந்தால் போதும்.

"தேதி சரிதாம்மா."

அந்த மாதிரி நேரத்தில் கிழமை யாருக்கு நினைவிருக்கும், நன்றாக யோசித்துப் பாருங்கள் என்றாள்.

வெள்ளிக்கிழமைதான் என்றேன். சான்றிதழை மடித்துப் பையில் வைத்தேன். வாரின் தடம் விரலில் சிவப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்குச் சற்று முன், எலிசியோ மூச்சு முகமூடியை விலக்கிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது.

"ஓஃபெலியா, திங்கக்கிழம உனக்கு அம்பத்தஞ்சு. அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் இந்த மெஷின நிறுத்த விட்டுடாத. வரிக்காரனுங்க வீட்ட முழுங்கிடுவானுங்க."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் வந்தார். இனி எலிசியோ பிழைக்க மாட்டார் என்றார். ஆனால் இயந்திரத்தின் துணையில் இன்னும் ஒரு வாரம்கூட வைத்திருக்கலாம், அது என் விருப்பம் என்றார்.

குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்க அவருடைய இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். நினைவில்லாமலும் அந்த விரல்கள் துணியை இழுத்துக்கொண்டே இருந்தன.

இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள் என்றேன்.