மேனேஜருக்கு மூன்று தட்டு

மரங்கொத்தி ஒற்றை ஆளாகப் பொந்து தோண்டிக் கொடுத்துவந்தது. தனி ஆள்தானே என்று யாரும் மதிக்கவில்லை. ஒரு மாதமாக வேலையே வரவில்லை.

"பெரிய கம்பெனி மாதிரி காட்டிக்கணும்ணே" என்றது மைனா. அன்றே அடிமரத்தில் உட்கார்ந்து அறிவிக்கத் தொடங்கியது.

"உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். புதுப் பொந்துக்கு ஒருமுறை தட்டவும். ரிப்பேருக்கு இரண்டுமுறை. மேனேஜருடன் பேச மூன்றுமுறை."

காத்திருப்பவர்களுக்குப் பாட ஒரு சில்வண்டும் இருந்தது.

முதலில் வந்தது நிறைமாத ஆந்தை. ஒருமுறை தட்டிவிட்டு, சில்வண்டு பாடி முடிக்கும்வரை அலகைக் கடித்துக்கொண்டு நின்றது.

"புதுப்பொந்துப் பிரிவு," என்றது மரங்கொத்தி, கீழ்க்கிளையிலிருந்து கீச்சுக்குரலில். "தேதி மேனேஜர்தான் கொடுப்பாரும்மா."

ஆந்தை மூன்றுமுறை தட்டியது. மரங்கொத்தி அதன் முதுகுப்பக்கமாகப் பறந்து, உச்சியிலிருந்த தன் வீட்டுக்குள் நுழைந்து எட்டிப்பார்த்தது. ஆந்தையின் தலை பின்பக்கமும் திரும்பும் என்பதை மறந்துவிட்டது.

"மேனேஜர் பேசறேன்," என்றது கனத்த குரலில்.

"நீதானேப்பா கீழேயும் இருந்தே?"

"அவர் வேற டிபார்ட்மென்ட்ம்மா."

"எனக்கு முட்டை வந்துட்டுது. யாராவது ஒருத்தர் தோண்டுங்கப்பா!"

மரங்கொத்திக்கு அலகு துறுதுறுத்தது. ஆனால் கம்பெனி கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

"எல்லாரும் மீட்டிங்ல இருக்கோம்."

ஆந்தை விருட்டென்று மேலே பறந்து, மேனேஜரை வெளியே தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்தது.

மறுநாள் மைனாவின் அறிவிப்பு கொஞ்சம் மாறியிருந்தது.

"மேனேஜருடன் பேச மூன்றுமுறை தட்டவும். மெதுவாகத் தட்டவும். மேனேஜர் அடைகாத்துக்கொண்டிருக்கிறார்."