அடியில்லாத பெட்டி

பூட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. சாவி எங்கே என்று ஐந்து வருடமாக யாரும் கேட்டதில்லை.

உள்ளே ஒரு காகிதம்கூட இல்லை.

"ஒண்ணுமே இல்லையா?" முதல்வர் நர்மதா எட்டிப் பார்த்தார்.

நாளைக் காலை கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் குழு வருகிறது. வாடகைப் பூந்தொட்டிகள் வந்து வரிசையாக நிற்கின்றன. எண்ணூர் சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளின் தூசியை மூன்று முறை கழுவிவிட்டாயிற்று. மாணவிகளின் குறை தீர்க்கும் பெட்டிதான் பாக்கி.

"அஞ்சு வருஷத்துல என்னென்ன குறை வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தோம்னு ஃபைல் கேப்பாங்க மேடம்," என்றார் அலெக்ஸாண்டர். புள்ளியியல் பேராசிரியர், இந்த மதிப்பீட்டு வேலைக்கெல்லாம் பொறுப்பும் அவர்தான். "குறையே வரலைன்னா நம்ப மாட்டாங்க. போன தடவையே பி கிரேடு."

"நாமளே ஒரு நாப்பது எழுதிடலாம். பேனாவை மாத்தி மாத்தி எழுதச் சொல்லுங்க. ரொம்ப மோசமான குறையா வேணாம்."

முதல்வர் அறையிலேயே நான்கு ஆசிரியைகள் உட்கார்ந்து குறைகளை யோசித்தார்கள். 'நூலகத்தில் ஆய்விதழ்கள் இன்னும் கூடுதலாக வேண்டும்.' 'யோகா வகுப்பு வாரத்துக்கு இருமுறை வேண்டும்.'

பெட்டிக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்று அலெக்ஸாண்டர் அதை அறை வாசல் சுவரிலிருந்து கழற்றினார். உள்ளே விட்ட கை கீழே வெளியே வந்தது.

"மேடம், இதுக்கு அடியே இல்ல. உப்புக் காத்து தின்னுடுச்சு."

"அப்போ பொண்ணுங்க போட்டதெல்லாம்?"

அலெக்ஸாண்டர் யோசித்தார். "செங்கொடி இங்க பெருக்கும்போது காகிதம் பொறுக்கி இடுப்புல சொருகிக்கிறதைப் பாத்திருக்கேன். பழைய பேப்பர் கடைக்குன்னு நினைச்சேன்."

நர்மதாவுக்குச் சுரீரென்றது. "எடைக்கா போட்டா? கூப்பிடுங்க அவளை. விசிட் முடிஞ்சதும் கான்ட்ராக்டருக்கு ஃபோன் போட்டு ஆளை மாத்தச் சொல்லுங்க."

செங்கொடி துடைப்பத்தோடு வந்து நின்றாள். வியாசர்பாடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஃபோன் விஷயம் வாசலிலேயே காதில் விழுந்திருக்க வேண்டும். துடைப்பத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"பெட்டியிலேருந்து விழுந்த காகிதத்தை நீயா எடுத்தே?"

"எட்த்தேம்மா. அது அடி வுட்டதும் நல்லதாப் போச்சு. சாவி யாராண்ட கீதுன்னே யாருக்கும் தெரியல."

"எடுத்து என்ன பண்ணினே?"

"செஞ்சுட்டேன்."

"என்னத்தை?"

"ரெண்டாவது பாத்ரூமுக்குத் தாப்பா இல்லன்னு ஒரு பொண்ணு எழுதிச்சு. எங்க வூட்டுக்காரு வெல்டரு. ஞாயித்துக்கெயம வந்து வெச்சுட்டுப் போனாரு. மாடி ரூம்ல ஃபேன் கத்துதுன்னு ஒண்ணு. எலெக்ட்ரீசியன் வரேன் வரேன்னு ஏச்சுகினே இருந்தான். சங்கரா மீனு வறுத்து எட்த்தாந்து குட்த்தேன், ஏணியோட வந்துட்டான். பெஞ்சுல ஆணி துருத்திகினு கீது, துணி கிழியுதுன்னாங்கோ. அதுக்கு ஒரு கல்லு போதும்."

எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன.

"இன்னொண்ணு சொல்லட்டா? சார் கோச்சிக்கக் கூடாது. ஸ்டாடிஸ்டிக்ஸ் சாரு பாடத்தை ரொம்ப வேகமா ஓட்றாரு, ஒண்ணும் பிரியலன்னு."

அலெக்ஸாண்டர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு நினைவு வந்துவிட்டது. ஒருநாள் கரும்பலகைக்குக் கீழே பெருக்கிக்கொண்டே இவள் கேட்டாள்: 'இன்னா சார், ரயிலா புடிக்கப் போறீங்கோ?' சிரித்துக்கொண்டே போனவர், மறுநாளிலிருந்து மெதுவாகத்தான் நடத்தினார். அந்தப் பருவத்தில் புள்ளியியலில் ஒருத்தியும் ஃபெயில் இல்லை. நாளைய ஃபைலில் அது 'கற்பித்தலில் புதிய அணுகுமுறை' என்ற தலைப்பில் இருக்கிறது.

"ஆபீஸ்ல குடுத்திருக்கலாமே?" நர்மதாவின் குரல் இறங்கியிருந்தது.

"மொத வாட்டி அங்கதாம்மா எட்த்துகினு போனேன். 'மேடம் மீட்டிங்ல கீறாங்க, குப்பையில போடு'ன்னாங்கோ. பொண்ணுங்க கஷ்டப்பட்டு எழுதினது. எப்டிப் போட்றது?"

"அந்தக் காகிதமெல்லாம் எங்கே?"

செங்கொடி போய், பக்கெட் வைக்கும் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். ரப்பர் பேண்டு போட்ட ஐந்து கட்டுகள். கிழித்த நோட்டுத் தாள், பஸ் டிக்கெட்டின் பின்புறம், ஒரு சாக்லேட் உறை. நர்மதா ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். ஒன்றில்கூட ஆய்விதழ் இல்லை.

மேசைமேல் மை காயாத காகிதங்கள் மின்விசிறிக் காற்றில் படபடத்தன. அவற்றை மொத்தமாக அள்ளி செங்கொடியிடம் நீட்டினார்.

"இதை வேணா எடைக்குப் போட்டுக்கோ. அலெக்ஸாண்டர், அந்த கான்ட்ராக்டர் ஃபோன் வேணாம். செங்கொடி ஒவ்வொண்ணுக்கும் என்ன செஞ்சான்னு கேட்டு, அப்படியே ஃபைல்ல ஏத்துங்க. அவ பேரோட."

"சங்கரா மீனையுமா மேடம்?"

"அதையும்தான்."

அறையே சிரித்தது. செங்கொடிக்கும் மூச்சு வந்தது. போகத் திரும்பியவள், நின்று, இடுப்பிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள்.

"இது ஒண்ணு மட்டும் என்னால ஆவலம்மா. ரெண்டு வருசமா பாக்கி."

நர்மதா பிரித்தார். ஒரே வரி. 'இதில் எழுதிப் போடுவதை யாராவது படிக்கிறீர்களா?'

"இதுல செய்யறதுக்கு என்ன இருக்கு? பொண்ணுங்ககிட்ட ஆமான்னு சொல்லியிருக்கலாமே?"

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எல்லாத்தையும் கேன்டீன் மங்கைதான் படிச்சுச் சொல்லும்," என்றாள் செங்கொடி. "படிக்கிறேன்னு எப்டிம்மா பொய் சொல்றது, காலேஜுக்குள்ள நின்னுகினு?"