கால் ராத்தல் தேயிலை

"யாருக்கும்மா தேயிலை? உனக்கா?"

கேட்டவர் ஜேபஸ். மதுக்கடையின் பின்னறையில், கணப்பைச் சுற்றி ஊர்க் குழுவினர் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சால்வையில் படிந்த பனியை உதறிவிட்டு கெசையா நேராக நின்றாள்.

"எனக்கு இல்லீங்க. என் நாத்தனாருக்கு. பாஸ்டன்லேர்ந்து வந்த இடத்துல படுத்துட்டாங்க."

கடலுக்கு அப்பால் லண்டனிலிருந்து ஆள்பவர்கள் வரி போட்ட தேயிலையை இனித் தொடுவதில்லை என்று ஊர் கூடி முடிவெடுத்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்கு வீடு இருந்ததைக் கொண்டுவந்து கொட்டி எரித்தார்கள். கடையில் இருந்ததைக் கடைக்காரர் பூட்டி வைத்தார். நோயாளிக்கு மருந்தாக வேண்டும் என்றால் குழு சீட்டு எழுதித் தர வேண்டும். பொய் சொல்லிச் சீட்டு வாங்கியவர் பெயரைத் தேவாலயக் கதவில் ஒட்டுவார்கள். அதன் பிறகு அந்த வீட்டுக்கு மாவு அரைத்துக் கொடுக்கக்கூட ஆள் வராது.

என்ன நோய் என்று ஜேபஸ் கேட்டார். மூன்று வாரமாகக் காய்ச்சல், கஞ்சி இறங்கவில்லை, ரொட்டி இறங்கவில்லை என்றாள் கெசையா. டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த ஒரு சிட்டிகைத் தேயிலையைக் காய்ச்சிக் கொடுத்தபோது அது ஒன்றுதான் வயிற்றில் தங்கியது. அதைக் குடித்த அன்றைக்குத்தான் நாத்தனார் எழுந்து உட்கார்ந்தாளாம்.

"டப்பா அடியிலயா? எரிச்ச அன்னிக்கு ஒண்ணும் மிச்சமில்லைன்னு சொன்னியே."

"சுரண்டினா எல்லா டப்பாவிலயும் இருக்கும். உங்க வீட்டு டப்பாவைக் கொண்டாங்க, சுரண்டிக் காட்டறேன்."

குழுவில் இன்னொரு ஆள் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டில் எல்லாரும் ராஸ்பெரி இலைக் கஷாயம்தான் குடிக்கிறோம், அதைக் கொடு என்றார் ஜேபஸ். அதைத் திடமாக இருக்கிறவனே குடிக்க முடியவில்லையே என்று அந்த ஆள் முணுமுணுத்தார்.

குழுத் தலைவர் ஆசாப் மட்டும் தலையைத் தூக்கவில்லை. பீப்பாய் செய்கிறவர். எரித்த அன்று முதலில் நெருப்பில் விழுந்தது அவர் வீட்டுத் தேயிலைதான். போன மாதம் ஒரு கிழவர் மூட்டுவலிக்கென்று சீட்டுக் கேட்டபோது, மூட்டுக்கும் தேயிலைக்கும் என்ன சம்பந்தம் என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர். அவரை நினைத்துத்தான் கெசையா வழியெல்லாம் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள்.

"யாராவது போய்ப் பார்த்துட்டு வரட்டும்," என்றார் ஜேபஸ். "படுத்திருக்காங்களா, பந்து விளையாடறாங்களான்னு தெரிஞ்சுடும். நானே போறேன்."

ஆசாப் எழுந்தார். "நீ உட்காரு. நான் போறேன்."

சீட்டை எழுதி, மை காய ஊதி, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நோயாளியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தருவாராம்.

இருவரும் பனியில் நடந்தார்கள். கெசையாவின் வீட்டில் நாத்தனார் என்று யாரும் இல்லை. அவள் கணவனுக்கு உடன்பிறந்தவர்களே கிடையாது. நோயும் நோயாளியும் நிஜம்; ஆள்தான் வேறு. தன் பெயர் வெளியே தெரிந்தால் இன்னொருவர் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது, சொல்லிவிடாதே என்று அந்தப் பெண் எலும்பான கையால் இவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

பாதை பிரியும் இடத்தில் வேலியோரம் ஆசாப் நின்றுவிட்டார்.

"பூட்ஸ்ல ஓட்டை. தண்ணி ஏறுது," என்றார். "அவ்வளவு தூரம் நடக்க முடியாது. பார்த்தேன்னு அவங்ககிட்ட சொல்லிடறேன்."

கெசையா அவர் பூட்ஸைப் பார்த்தாள். போன வாரம் தைத்த தோல், தையல் கூட மங்கவில்லை. நீட்டிய சீட்டை வாங்கிக்கொண்டாள்.

நாலு அடி போனவர் திரும்பினார்.

"பால் ஊத்தாம குடு. தேன் ஒரு சொட்டு போதும்."

மனசு மாறுவதற்குள் கடைக்கு ஓடினாள். கால் ராத்தலை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றி, அந்த வீட்டின் பின்கதவு வழியாக நுழைந்தாள். அடுப்பை ஊதி நீர் வைத்தாள். மூன்று மாதமாக ஊரில் அரிதாகிப்போன மணம் அறையை நிறைத்தது. பால் செம்பை எடுத்தவள், ஞாபகம் வந்து கீழே வைத்தாள்.

படுத்திருந்தவள் ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடி இன்னொரு வாய். அது உள்ளேயே தங்கியது. வெளுத்த உதட்டில் மெல்லச் சிவப்பு ஏறியது.

"நல்லவேளை, இன்னிக்குப் பால் ஊத்தலை," என்றாள். "அன்னிக்கு நீ ஊத்திக் குடுத்தப்போ, சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சேன். பால் வாடை எனக்கு ஆகாதுன்னு உனக்கு யாரு சொன்னா? அது எங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தானே தெரியும்."

கெசையா சன்னல் பக்கம் திரும்பினாள். முற்றத்துக்கு அந்தப் பக்கம், தேயிலை மணக்கும் தன் வீட்டை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்காமல், ஆசாப் பீப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருந்தார்.