பிரேக் பிடித்தவள்

மலர்விழி பிரேக்கைப் பிடித்தாள். சத்தியமாகப் பிடித்தாள், எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்த ரமணி தன் இரண்டு கண்ணாலும் பார்த்தாள்.

"ஏய், மிதிடி! ஏன்டி நிக்கிற? மிதி!"

தொண்டை கிழியக் கத்தினாள் ரமணி. தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு வேறு என்னதான் செய்ய முடியும்?

கோலகுபு பாரு ஏரியை ஒட்டி, மலையைச் சுற்றிவரும் சரளைக்கல் பாதை அது. காரும் லோரியும் எட்டிப் பார்க்காத பாதை என்பதால்தான் பெண்களுக்கான சைக்கிள் பந்தயத்தை அங்கே வைத்திருந்தார்கள். ஏற்றத்தில் அத்தனை பேரையும் பின்னால் விட்டுவிட்டு, கடைசி இறக்கத்தில் தன்னந்தனியாக வந்தவள், கோட்டைத் தொட நாலு மிதி பாக்கி இருக்கும்போது காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்க்கிறாள்!

பின்னால் வந்த ஷாமினி அவளைத் தாண்டிப் போனாள். அடுத்து ஒரு சீனப் பெண். அப்புறம் ஈப்போவிலிருந்து வந்த ஒருத்தி. மூன்று பேரும் போன பிறகு மலர்விழி நிதானமாக மிதித்து வந்து கோட்டைத் தாண்டினாள்.

முதல் மூன்று பேரை ஒரு சைக்கிள் நிறுவனம் தன் அணியில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்திருந்தது. மாதச் சம்பளம், தங்க இடம், ஓட்டப் புது சைக்கிள். போர்ட் கிள்ளான் கிடங்கில் நாள்கூலிக்குப் பெட்டி தூக்கும் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கிள்ளானில் ரமணி வைத்திருந்தது சின்ன சைக்கிள் கடைதான். பழைய சைக்கிளுக்குச் செயின் மாற்ற வந்த மலர்விழி ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்து, விற்பனைக்கு வைத்திருந்த நல்ல சைக்கிளையே இறக்கிக் கொடுத்தவள் அவள். "ஓட்டு, ஜெயிச்சுட்டு வந்து காசு குடு" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

காலையில்கூட எவ்வளவு அக்கறையாக வந்தது இந்தப் பெண்! ராவாங் தாண்டியதும் ரோட் பிளாக். போலீஸ் ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, அடையாள அட்டை கேட்டுச் சோதித்து அனுப்பிக்கொண்டிருந்ததில் கடை வேன் ஆமையாக ஊர்ந்தது.

"அக்கா, நான் இங்கயே எறங்கிக்கிறேன். தோட்டத்துக்குள்ள பூந்து ஓட்டிக்கிட்டே வந்துர்றேன். ஒடம்பு சூடான மாதிரியும் இருக்கும்" என்று சைக்கிளை இறக்கிக்கொண்டு செம்பனை மரங்களுக்குள் மறைந்தாள். ரமணி உச்சி குளிர்ந்து போனாள். ஜெயிக்கணும் என்ற வெறி இருந்தால் இப்படி இருக்கணும் என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிக்கொண்டு போனாள், பைத்தியக்காரி.

இப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. பந்தயம் தொடங்குமுன் மலர்விழி ஜெயராஜோடு ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தாளே! பிரிக்பீல்ட்ஸில் பெரிய சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜெயராஜ்தான் பந்தயத்தை நடத்துபவர்களில் ஒருவர். ஷாமினி அவர் கடைக்கு ஓட்டுகிற பெண்.

என்ன பேச்சு என்று ரமணி கேட்டபோது, "சும்மாதாங்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பவே பிடித்து உலுக்கியிருக்கணும்.

மேடையில் மைக் முழங்கியது. ஷாமினியை யாரோ தூக்கி வைத்து ஆடினார்கள். ரமணி விறுவிறுவென்று போய் மலர்விழியின் கையைப் பிடித்துக் கூடாரத்துக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"என்னடி குடுத்தாரு அந்த ஜெயராஜ்? சொல்லு!"

"அவரு ஒண்ணும் குடுக்கலக்கா."

"பொய் சொல்லாத! நான் என்ன குருடியா? கோட்டுக்கு முன்னால நின்னுகிட்டு, வாங்க வாங்கன்னு எல்லாத்துக்கும் வழி விடுற. என்னப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சியாடி? நீ நல்லா வரணும்னு நான் கடையப் பூட்டிட்டு வந்து வெயில்ல காயுறேன்லா!"

சொல்லும்போதே ரமணிக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் பாதி, ஆற்றாமை பாதி.

மலர்விழி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் செம்மண் புழுதி. கண்ணிலிருந்து வடிந்த நீர் அதில் கோடு போட்டிருந்தது.

"நான்தாங்கா அவர்கிட்ட போயி கேட்டேன். ஜெயிச்சா அப்புறம் என்ன செய்யணும்னு."

"அதுக்கு அந்த ஆளு என்ன சொன்னாரு?"

"மொத மூணு பேரும் மேடையிலயே ஐசியக் குடுக்கணுமாம். அதப் பாத்துதான் பேர எழுதிக்குவாங்களாம்."

"குடுக்க வேண்டியதுதான! ஐசிய வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டியா?"

அடையாள அட்டைதானே, இதற்காகவா ஒருத்தி வாழ்க்கையை உதறுவாள்? ரமணிக்குச் சட்டென்று ஒரு நம்பிக்கை வந்தது. வீட்டில் யாராவது படம் எடுத்துப் போனில் அனுப்பினால் போதும். ஜெயராஜின் காலில் விழுந்தாவது நடந்ததைச் சொல்லிப் பார்க்கலாம்.

"அழாத. எங்க வச்சேன்னு மட்டும் சொல்லு. நான் போயி அவர்கிட்ட பேசுறேன்."

"பேசாதீங்கக்கா. மொதல் ஆளா வர முடியுதான்னு பாக்க ஆசையா இருந்துச்சு, பாத்துட்டேன். போதும்."

"பைத்தியமாடி நீ? ஐசி எங்கன்னு கேக்குறேன்ல!"

மலர்விழி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"பொறந்தது இந்த நாட்டுலதான், கேரி தீவுல... ஆனா எனக்கு ஐசியே கெடையாதுக்கா."