வீட்டுக்கென்று அரைத்த மிளகாய்த்தூள்

மளிகைக்கடைக்குள் சாய்ந்து விழும் வெயில், காற்றில் பறக்கும் சிவப்புத் தூளைக் காட்டிக்கொடுக்கிறது. உணவுப் பாதுகாப்பு அதிகாரி சோதனைக்கு மாதிரி எடுக்கக் கேட்டால் கடைக்காரர் மறுக்கக் கூடாது, கண்ணுகளா, அது சட்டம். டிரம்மிலிருந்து அள்ளிய மிளகாய்த்தூளைப் பாட்டில்களில் பிரித்து, அதிகாரி அரக்கு முத்திரை வைக்கிறார். கடைக்காரர் கையெழுத்துப் போடுகிறார். அப்போது பின்கட்டிலிருந்து அவர் மனைவி ஒரு எவர்சில்வர் டப்பாவோடு ஓடி வருகிறாள். புருஷனைக் காப்பாற்றும் அவசரம் அவளுக்கு. "ஐயோ சார், அதைப் போய் எடுத்தீங்களே! இதை எடுத்துக்கோங்க. எங்க வீட்டுக்குன்னு தனியா அரைச்சது, ஒரு கலப்படமும் இருக்காது." அதிகாரி நிமிர்ந்து பார்க்கிறார். "நீங்க சாப்பிடறது எனக்கு எதுக்கும்மா? நீங்க விக்கிறதுதான் வேணும்." தான் சொன்னது என்னவென்று அவளுக்கு மெல்லப் புரிகிறது. டப்பாவை முந்தானைக்குள் மறைக்கிறாள். சாமான் வாங்க நிற்கும் எதிர்வீட்டு அக்கா, பத்து வருஷ வாடிக்கை, கடைக்காரரையே பார்க்கிறாள். "தம்பி, எங்க பேத்தி நேத்துதான் முதல்தடவையா காரம் போட்ட சோறு சாப்பிட்டா. உன் கடைத் தூள்தான்." அவள் குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தாலாவது அவர் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார்.