கிளோதின் வீட்டுச் சீத்ரு

ஞாயிறு பூசை முடிந்ததும் எமீல் நேராக வீட்டுக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டு விதவை கிளோதின் வீட்டுக்குள் நுழைந்து, அரை மணி நேரம் கழித்து உதட்டைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவார். அவர் மனைவி பொலினுக்கு வயிறு பற்றி எரியும்.

"அறுபத்தெட்டு வயசுல என்னாங்க அங்க வேல?"

"ஒரே ஒரு கிளாஸ் சீத்ரு குடிச்சேன் பொலின். தேன் மாதிரி இருக்கு!"

தேனாம், தேன்! அவர் வேறு எதையாவது தேடிப் போயிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். ஆப்பிள் சாற்றைப் புளிக்க வைத்துச் சீத்ரு போடுவதில் முதலியார்பேட்டையில் தன்னை அடிக்க ஆளில்லை என்று இருந்தவள் பொலின். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்னால் போட்டு, பண்டிகையன்று தெருவுக்கே கொடுப்பாள். கிளோதினுக்கு மட்டும், பார்த்து எரியட்டும் என்று அரை டஜன் பாட்டில்.

"ஒன்னுது நாக்கைச் சுருட்டுது. அவ வீட்டுது ஒரு வருசம் இருட்டுல கெடந்தது, அதான் அந்த ருசி."

"வருசக்கணக்குல போட்டு வெக்க அது என்னா ஊறுகாயா?"

பொலின் வேவு பார்க்காமலும் இல்லை. கிளோதின் வீட்டுக் குப்பைத்தொட்டியில் ஆப்பிள் தோல் ஒன்றுகூடக் கிடந்ததில்லை. பக்குவம் தெரிந்துவிடக் கூடாதென்று தோலைக்கூட ஒளிக்கிறாளே, கள்ளி!

இன்று அவர்களுடைய நாற்பதாவது கல்யாண நாள். கேக்கைச் சுற்றிப் பிள்ளைகள், சம்பந்திகள் எல்லோரும் நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் எமீல் வாயைத் திறந்தார்.

"ஒன் சீத்ரு வேணாம் பொலின். கிளோதின்கிட்ட ஒரு பாட்டில் கேட்டு வாங்கியாயேன்."

பொலின் சிரித்துக்கொண்டே எழுந்தாள். உள்ளுக்குள் கொதித்தது. என் கல்யாண நாளில் அவள் பாட்டிலா?

"வாங்கக்கா!" கிளோதினுக்கு வாயெல்லாம் பல். மாடிப்படிக்கு அடியில் குனிந்து, எல்லார் வீட்டிலும் கிடக்கிற பழைய ஒயின் பாட்டில் ஒன்றை எடுத்துத் தூசி தட்டினாள். "கடைசி பாட்டிலு. ஒங்க கல்யாண நாளுக்குத் தராம வேற எதுக்கு?"

பொலின் வாங்கிக்கொண்டாள். வாசற்படி வந்ததும் வேண்டுமென்றே விரல்களைத் தளர்த்தினாள்.

பாட்டில் சில்லுச் சில்லாகச் சிதறியது. "ஐயையோ, கை வழுக்கிடுச்சு கிளோதின்!"

வாசனை குப்பென்று எழுந்தது. அவள் நாக்கிலேயே எச்சில் ஊறியது, சனியன்! ஆனாலும் இனி எமீல் எங்கே போய்க் குடிப்பார் என்று நினைத்தபோது மனசு குளிர்ந்தது.

"வுடு கிளோதின். நீதான் கைகாரியாச்சே, இன்னொரு வாட்டி போட்டுக்க."

கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த கிளோதின் தலையை நிமிர்த்தவில்லை.

"நான் எங்கக்கா போட்டேன்? ரொம்பப் புளிக்குதேன்னு குடிக்காம படிக்கு அடியில தள்ளி வெச்சேன். வருசம் கழிச்சுத் தொறந்தா அப்படி ஒரு ருசி! புளிச்சுதுன்னு தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் அண்ணன்கிட்டகூட சொல்லல."

"என்னாத்த சொல்லல?"

"எல்லாமே கிறிஸ்துமஸுக்கு நீங்க குடுத்ததுதான்க்கா!"